வரம்புக்குள்தான் ஆடுகிறேன், கடன் மட்டும் ஏன் ஏறுகிறது?

கேள்வி: தொகையை வெளிப்படையாகச் சொல்லத் தயக்கமாக இருப்பதால், என் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கைப்பேசியில் காசினோ செயலி ஒன்றில் ஓராண்டாக ஆடி வருகிறேன். பொறுப்போடு ஆட வேண்டும் என்பதற்காக மாதம் 5 மட்டுமே அதற்கு ஒதுக்கி, ஒரு குறிப்பேட்டில் கணக்கும் எழுதி வருகிறேன். சினிமா டிக்கெட்டுக்குச் செலவழிப்பது போலத்தான் அதை நினைக்கிறேன். தினமும் அரை மணி நேரம், பெரும்பாலும் ஸ்லாட், அதாவது திரையில் சுழலும் படங்கள் பொருந்தி நின்றால் பணம் வரும் ஆட்டம், ஒரு சுழற்றுக்கு 0.05 வீதம் ஆடுகிறேன். ஆனால் இரண்டாவது வாரத்திலேயே அந்த 5 தீர்ந்துவிடுகிறது. அதன்பின் விட்டதை மீட்கும் அளவுக்கு மட்டும் கிரெடிட் கார்டிலிருந்து போடுகிறேன். அடுத்த பில் தேதிக்குள் கட்டிவிட்டால் வட்டி இல்லையே என்று நினைத்தேன். இப்போது கார்டில் 60 நிற்கிறது, மாதம் 3 கட்டுகிறேன். மைத்துனரிடம் மருத்துவச் செலவு என்று சொல்லி 15 வாங்கியிருக்கிறேன். மனைவிக்கு எதுவும் தெரியாது. மாத வரம்பை 8 ஆக உயர்த்தினால் கார்டைத் தொடாமல் இருக்க முடியுமா? அல்லது தனிநபர் கடன் வாங்கிக் கார்டை மொத்தமாக அடைத்துவிடலாமா?

பதில்: வரம்பு வைப்பது, கணக்கு எழுதுவது, நேரம் பார்த்து ஆடுவது ஆகிய பாடங்கள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கின்றன. அவற்றை மறுபடி சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது ஒன்றுதான். ஒதுக்கிய 5 தீர்ந்தபின் கார்டிலிருந்து போடும் பணத்தை நீங்கள் ஆட்டச் செலவாக எழுதுவதே இல்லை, அதைக் ‘கார்டு கடன்’ என்று வேறொரு கணக்கில் தள்ளிவிடுகிறீர்கள். அதனால்தான் குறிப்பேட்டில் நீங்கள் கட்டுப்பாடான மனிதராகவும், வங்கிக் கணக்கில் கடன்காரராகவும் ஒரே நேரத்தில் இருக்க முடிகிறது.

இரண்டு கணக்கையும் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். பன்னிரண்டு மாதத்தில் ஒதுக்கிய பணம் 60. கார்டில் நிற்கும் 60-இல் கட்டணமும் வட்டியுமாகச் சுமார் 10 போனது என்று வைத்தால், செயலிக்குள் சென்றது 50. மைத்துனரிடம் வாங்கியது 15. ஆக மொத்தம் 125. மாதத்துக்கு 10-ஐத் தாண்டுகிறது, அதாவது நீங்கள் வைத்ததாகச் சொல்லும் வரம்பைப் போல் இரு மடங்கு. சினிமா உவமையை நீங்களே சொன்னதால் ஒன்று கேட்கிறேன்: படம் முடிந்து வெளியே வந்தவர், போன படத்தின் காசை இந்தப் படத்தில் மீட்டுவிடலாம் என்று கடன் வாங்கி அடுத்த டிக்கெட் எடுப்பாரா?

இரண்டாவது வாரத்தில் பணம் தீர்வது உங்கள் துரதிர்ஷ்டம் அல்ல, அது கணக்கின்படிதான் நடக்கிறது. ஸ்லாட் ஆட்டங்களில் 96 சதவீதம் திரும்பி வரும் என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 100 போட்டால் 96 கையில் மிஞ்சும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒவ்வொரு சுழற்றிலும் பந்தயமாக வைத்த தொகையில் சராசரியாக 4 சதவீதம் வீட்டுக்காரருக்கு, அதாவது செயலி நடத்துபவருக்குப் போகிறது என்பதே பொருள். வென்ற பணத்தையே திரும்பத் திரும்பப் பந்தயத்தில் வைக்கும்போது அந்த 4 சதவீதமும் திரும்பத் திரும்பக் கழிகிறது. நிமிடத்துக்கு 10 சுழற்று என்றால் மணிக்கு 600 சுழற்று. 0.05 வீதம் மணிக்கு 30 உருள்கிறது, அதில் 4 சதவீதம் 1.2. ஆகவே உங்கள் 5 சராசரியாகச் சுமார் நான்கு மணி நேரம்தான் தாங்கும், தினம் அரை மணி என்றால் எட்டு நாள். வரம்பை 8 ஆக்கினால் எட்டாம் நாள் வரும் நிலைமை பதின்மூன்றாம் நாள் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். பதினான்காம் நாள் கார்டு மறுபடி கையில் இருக்கும். உங்கள் முதல் கேள்விக்கு இதுவே பதில்.

பணம் கரைவது ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல வரிசைகளில் பந்தயம் வைக்கும் ஸ்லாட்டில் 20 காசு வைத்து 8 காசு திரும்பி வந்தால், அது 12 காசு நட்டம். ஆனால் திரையில் விளக்குகள் மின்னுகின்றன, நாணயம் கொட்டும் ஓசை கேட்கிறது, வென்ற தொகை என்று 8 பெரிய எழுத்தில் வருகிறது. உங்கள் குறிப்பேட்டில் எத்தனை ‘வெற்றிகள்’ இந்த வகையைச் சேர்ந்தவை என்று ஒரு நாள் மட்டும் எண்ணிப் பார்த்திருந்தால், மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கை இவ்வளவு தூரம் வந்திருக்காது. அடுத்த சுழற்றுக்கு முந்தைய சுழற்று நினைவில் இருப்பதில்லை. எண்களைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும் நிரல் நீங்கள் எவ்வளவு விட்டிருக்கிறீர்கள் என்று பார்ப்பதில்லை. இவ்வளவு நேரம் விட்டாயிற்று, இனி வர வேண்டிய முறை என்று ஒன்று கிடையாது.

தோற்கத் தோற்கப் பந்தயத்தை இரட்டிப்பாக்கினால் கட்டாயம் மீட்கலாம் என்ற உத்தியை இப்போது சமூக ஊடகங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுத் தருகிறார்கள். உங்களுக்கும் யாராவது சொல்லக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். சுழலும் சக்கரத்தில் பந்து எந்தக் கட்டத்தில் விழும் என்று பந்தயம் வைப்பது ரூலெட். ஒற்றைப் பூஜ்யம் உள்ள ரூலெட்டில் 37 கட்டங்கள், சிவப்பு 18. சிவப்பில் 0.05-இல் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போய்ப் பத்து முறை தொடர்ந்து தோற்றால், மொத்தம் போவது 51, உங்கள் அரை மாதச் சம்பளம். அது சுமார் 780 தொடர்களில் ஒரு முறை நடக்கும். நடக்காத ஒவ்வொரு தொடரிலும் உங்களுக்குக் கிடைப்பது வெறும் 0.05. மேலும், பெரும்பாலான மேசைகளில் அதிகபட்சப் பந்தயம் என்று ஒன்று உண்டு, பத்தாவது முறை இரட்டிக்கவே விடமாட்டார்கள்.

இனி கார்டுக்கு வருவோம், உங்களை உண்மையில் கடித்துக்கொண்டிருப்பது அதுதான். கார்டு நிறுவனங்கள் சூதாட்டத்தைத் தனிக் குறியீட்டில், 7995 என்ற எண்ணில், வகைப்படுத்துகின்றன. அந்தக் குறியீட்டில் வரும் கட்டணத்தைப் பல வங்கிகள் பொருள் வாங்கியதாக எடுத்துக்கொள்வதில்லை, ஏடிஎம்மில் கார்டைப் போட்டு ரொக்கம் எடுத்ததற்குச் சமமாகவே கருதுகின்றன. ரொக்கத்துக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. எடுத்த அன்றே கட்டணம் ஏறும், அன்றே வட்டியும் ஓடத் தொடங்கும். அடுத்த பில் தேதிக்குள் கட்டிவிட்டேன் என்று நீங்கள் நிம்மதியாக இருந்த மாதங்களின் பில்லையும் எடுத்து வைத்துப் பாருங்கள், அதில் ரொக்கக் கட்டணம் என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். கட்டணம் 3 சதவீதம், மாத வட்டி 3 சதவீதம் என்று வைத்தால், 10 கடன் வாங்கி ஒரு மாதத்தில் அடைக்க 10.6 வேண்டும். அந்த 10-ஐச் செயலியில் போட்டுப் பத்துச் சுற்று உருட்டினால் சராசரியாக மிஞ்சுவதோ 6.6. ஆறு சதவீதம் கூடுதலாகத் திருப்பித் தர வேண்டிய பணத்தை, வைத்த ஒவ்வொரு முறையும் நான்கு சதவீதம் குறையும் இடத்தில் போட்டு ‘மீட்க’ முயல்கிறீர்கள். இந்தக் கணக்கை எந்த நிதி ஆலோசகராலும் லாபமாக்க முடியாது.

பிரிட்டன் 2020 ஏப்ரல் முதல் கிரெடிட் கார்டில் சூதாட்டம் ஆடுவதையே தடை செய்துவிட்டது, காரணம் இதுதான். இந்தியா 2025-இல் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் மொத்தத்தையும் சட்டத்தால் தடுத்தது. நீங்கள் இருக்கும் நாட்டில் இந்தச் செயலி சட்டப்படி நடக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாத செயலி என்றால், வென்ற பணத்தை அது தர மறுத்தாலும் நீங்கள் முறையிடக்கூட இடம் இருக்காது.

தனிநபர் கடன் பற்றிய கேள்விக்கு நேராகச் சொல்கிறேன்: இன்று வேண்டாம். மாதம் 1.25 சதவீத வட்டியில் கிடைத்தால் முதல் மாதம் உங்களுக்கு மிச்சமாவது சுமார் 1. உங்கள் ஆட்டத்தில் அது ஒரு மணி நேரத்துக்கும் குறைவான செலவு. அதைவிட முக்கியம், கார்டு அடைபட்ட அன்றே அதன் முழு வரம்பும் மறுபடி திறந்துவிடும். இந்த நிலையில் கடனை மாற்றிப் போட்ட பலர் ஓராண்டில் இரண்டு கடனோடு வந்து நிற்கிறார்கள். கார்டில் கதவை மூடிய பிறகு, மூன்று மாதம் அது மூடியே இருந்தால், அப்போது குறைந்த வட்டிக்கு மாற்றுவது நல்ல காரியம். ஐந்தே நிமிடத்தில் பணம் என்று விளம்பரம் செய்யும் கடன் செயலிகளின் பக்கம் மட்டும் எப்போதும் போக வேண்டாம்.

கதவை மூடுவது என்றால் செயலியை நீக்குவது அல்ல. நீக்கினாலும் கணக்கு அப்படியே இருக்கும், திரும்ப இறக்கிக்கொள்ள ஒரு நிமிடம் போதும். செயலியின் அமைப்புகளில் சுயவிலக்கு, அதாவது குறிப்பிட்ட காலம் ஆட முடியாதபடி உங்கள் கணக்கை நீங்களே பூட்டிக்கொள்ளும் வசதி, இருந்தால் குறைந்தது ஆறு மாதத்துக்கு அதைத் தேர்ந்தெடுங்கள். இடையில் நீங்களே கேட்டாலும் திறக்காததுதான் நல்ல சுயவிலக்கு. வங்கியை அழைத்து, சூதாட்டக் கட்டணங்களைத் தடுக்கச் சொல்லுங்கள், ரொக்கம் எடுக்கும் வரம்பைப் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள், கார்டின் மொத்த வரம்பையும் இப்போதைய பாக்கி அளவுக்குக் குறைக்கச் சொல்லுங்கள். இந்த மூன்றையும் ஒரே அழைப்பில் கேட்கலாம். கார்டு எண்ணைச் செயலியிலிருந்து அழித்துவிடுங்கள்.

அதன்பின் கணக்கு எளிது. இப்போது கட்டும் 3-ஐ மட்டும் கட்டிக்கொண்டிருந்தால், அதில் 1.8 வட்டிக்கே போய்விடுவதால் 60 அடைய இரண்டரை ஆண்டு ஆகும். ஆட்டத்துக்கு ஒதுக்கும் 5-ஐயும் அதோடு சேர்த்து மாதம் 8 கட்டினால் ஒன்பது மாதத்தில் முடியும். உங்கள் வீட்டுச் செலவில் ஒரு காசைக்கூடக் குறைக்க வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். மைத்துனரின் 15-க்கு வட்டி இல்லாததால் கணக்குப்படி கார்டுக்குப் பிறகுதான் அதன் முறை வரும். ஆனால் பொய் சொல்லி வாங்கிய பணம் அது, அவரிடம் உண்மையைச் சொல்லிப் பத்தாவது மாதத்திலிருந்து தருகிறேன் என்று கேட்பது உங்கள் கடமை. கோபப்படுவார், படட்டும். கடைசியாக ஒருமுறை என்று அவரிடமே கேட்டுக் கார்டை அடைக்கும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள்.

மனைவியிடம் சொல்வதைத் தள்ளிப்போட வேண்டாம். வங்கிக் கணக்கைப் பார்க்கும் இன்னொரு ஜோடிக் கண் இல்லாமல் ஒன்பது மாதத் திட்டம் எதுவும் நிலைத்து நான் பார்த்ததில்லை. நான் மருத்துவன் அல்ல. ஆயினும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டில் சூதாட்டக் கோளாறுக்கு ஒன்பது அறிகுறிகள் தரப்பட்டுள்ளன, ஓராண்டுக்குள் நான்கு தென்பட்டால் கோளாறு என்று கருதலாம் என்கிறது. விட்டதை மீட்கத் திரும்பத் திரும்ப ஆடுவது, ஆட்டத்தை மறைக்கப் பொய் சொல்வது, ஆட்டத்தால் வந்த பண நெருக்கடிக்குப் பிறரிடம் கையேந்துவது ஆகிய மூன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. மீதி ஆறைப் பற்றி ஒரு மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ பேசுங்கள்.

கடிதத்தின் பின்குறிப்பில், கணக்கில் 2 போனஸ் மிச்சம் இருக்கிறது, அதை வெளியே எடுக்க 45 மடங்கு பந்தயம் முடிக்க வேண்டும், அதை மட்டும் முடித்துவிட்டு மூடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 45 மடங்கு என்றால் 90 உருட்ட வேண்டும், அதில் சராசரி இழப்பு 3.6. கையில் இருக்கும் 2 பாதி வழியிலேயே தீர்ந்துபோகும், இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று மேலும் போடுவீர்கள். அந்த 2-ஐ அப்படியே விட்டுவிட்டு இன்றே சுயவிலக்கைப் போடுங்கள்.