மறுபடி பெயின்ட் அடிக்கும் முன் பழைய பெயின்ட்டை முழுக்கச் சுரண்டித்தான் ஆக வேண்டுமா?

"மேலேயே ரெண்டு கோட்டு அடிச்சிடலாம், சுரண்டுறதெல்லாம் வேண்டாத வேலை" என்று உங்கள் பெயின்டர் சொல்கிறார், அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக அவர் சுவரை வாசலில் நின்றே பார்த்திருப்பார். நாளைக்கே டப்பாவோடு வந்துவிடுவாரோ என்ற பதற்றத்தில் ராத்திரி இந்தக் கேள்வியைத் தட்டச்சு செய்திருப்பீர்கள். நானும் அப்படி உட்கார்ந்திருந்தவன்தான், அதனால் சொல்கிறேன்.

முழுக்கச் சுரண்ட வேண்டாம். பிடிப்பு விட்டதை மட்டும் எடுத்தால் போதும். ஆனால் எது பிடிப்பு விட்டிருக்கிறது என்பது கண்ணால் பார்த்தால் தெரியாது. அங்கேதான் நான் ஏமாந்தேன்.

எங்கள் கூடத்துச் சுவர் பழைய சுண்ணாம்புச் சுவர். அதன் மேலேயே எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட், அடித்துக் கொடுத்தார்கள். முதல் நாள் பளபளவென்று இருந்தது. எட்டு மாதத்தில் சோபாவுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு உப்பியது. பையன் நகத்தால் கிள்ளி இழுத்தான். பாம்புச் சட்டை உரிவது போல முழ நீளத்துக்குக் கையோடு வந்துவிட்டது. அடித்தவரைக் கூப்பிட்டால், "சார், உங்க சுவர் ஓதம் அடிக்குது, பெயின்ட் மேல தப்பில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நானும் நம்பினேன். ஊரிலிருந்து வந்த மாமனார்தான், "மாப்பிள்ளை, உரிஞ்சதைத் திருப்பிப் பாருங்க" என்றார். திருப்பினால் பின்பக்கம் பவுடர் பூசிய முகம் மாதிரி வெள்ளையாக இருந்தது. விரல் வைத்தால் ஒட்டிக்கொண்டு வந்தது. அதாவது புதுப் பெயின்ட் சுவரைப் பிடிக்கவே இல்லை, சுண்ணாம்புப் பொடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அலமாரியை நகர்த்திப் பார்த்தோம். அதற்குப் பின்னால் பெயின்டர் தூரிகையே வைக்கவில்லை! அந்த இடத்தில் பழைய சுண்ணாம்பு உப்பாமல் உரியாமல் அப்படியே இருந்தது.

ஓதம் உண்டா என்றும் பார்த்துவிட்டோம். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விட்டோம். தாளின் சுவர்ப் பக்கம் நீர் முத்தினால் ஓதம் சுவருக்குள் இருக்கிறது. அறைப் பக்கம் முத்தினால் அது காற்றின் ஈரம். எங்களுக்கு இரண்டு பக்கமும் காய்ந்தே இருந்தது. உங்கள் தாளில் சுவர்ப் பக்கம் நனைந்தால் பெயின்ட்டை மறந்துவிட்டு முதலில் கசிவைப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை என்ன அடித்தாலும் உரியும்.

சோதிக்க அதிகம் எதுவும் வேண்டாம். கறுப்புத் துணியால் அழுத்தித் தேயுங்கள், வெள்ளை ஒட்டினால் பொடிகிறது என்று அர்த்தம். பிளேடால் பெருக்கல் குறி போட்டு, அதன் மேல் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பெயின்ட் டேப்போடு வந்தால் அந்த இடம் போக வேண்டியதுதான். நான்கைந்து இடத்தில், முக்கியமாக ஜன்னலுக்குக் கீழேயும் தரையை ஒட்டியும் பாருங்கள். விரல் முட்டியால் தட்டி எங்கே பொக்குச் சத்தம் வருகிறது என்றும் கேளுங்கள். அங்கே பெயின்ட் மட்டுமல்ல, பூச்சே விட்டிருக்கும்.

முதல் நாள் காய்ந்த சுவரையே சுரண்டினேன். வீடு முழுக்க வெள்ளைப் புகை. மறுநாள் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டுச் சுரண்டியதும் சுண்ணாம்பு களிம்பு மாதிரி வழிந்து வந்தது. அப்புறம் ஸ்பாஞ்ச் வைத்துக் கழுவிக்கொண்டே இருந்தேன், ஈரக் கையால் தேய்த்தால் வெள்ளை வருவது நிற்கும்வரைக்கும். ஒரே சுவருக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. நன்றாகப் பிடித்திருக்கும் எமல்ஷன் சுவர் என்றால் இவ்வளவு பாடில்லை. அழுக்கைக் கழுவி, 180 அல்லது 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூசி துடைத்தால் போதும். சுரண்டிய இடமும் சுரண்டாத இடமும் சேரும் விளிம்பை மட்டும் சமமாகும்வரை தேய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் புதுப் பெயின்ட்டுக்கு அடியில் தேசப்படம் தெரியும்.

சுரண்டிய சுவரைச் சமமாக்கப் பூசும் மாவுதான் பட்டி, மேலே வருவது நன்றாகப் பிடிக்க முதலில் அடிக்கும் கோட்டுதான் பிரைமர். பட்டிக்கு முன் பிரைமரா, பின் பிரைமரா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் பெயின்டர் இல்லை, கணக்கு எழுதுகிறவன். சிமென்ட் பட்டியை நனைத்த சுவரில் நேராகவே போடலாம். அக்ரிலிக் பட்டிக்கு அடியில் பிரைமர் வேண்டும். எந்தப் பட்டியானாலும் மேலே ஒரு கோட்டு பிரைமர் இல்லையென்றால் பட்டி போட்ட இடமெல்லாம் திட்டுத்திட்டாகத் தெரியும். நல்ல பெயின்டர்களும் இருக்கிறார்கள், தெரியும். எனக்குக் கிடைக்கவில்லை.

சொல்ல வெட்கமாக இருக்கும் ஒன்றும் உண்டு. கதவில் இருந்த பழைய எனாமலை, அதாவது எண்ணெய்ப் பெயின்ட்டை, முகமூடிகூடக் கட்டாமல் ஒரு நாள் முழுக்க நனைக்காமலே தேய்த்தேன். பையன் பக்கத்திலேயே விளையாடிக்கொண்டிருந்தான். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஈயத்தில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்குத்தான் பாதிப்பு அதிகம். பழைய கதவு ஜன்னலை நனைத்தே தேயுங்கள், நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

கடைசியாக, சொந்தமாக ஏணி வாங்கினால் மறைத்து வையுங்கள். எங்கள் ஏணியை "ஒரு மணி நேரம்தான்" என்று எதிர்வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு போனார். மூன்று மாதம் கழித்துப் படியெல்லாம் பச்சைப் பெயின்ட்டோடு வந்தது. அதைச் சுரண்டவும் நான்தான் உட்கார்ந்தேன்.