குறட்டையைக் கவனியுங்கள் அம்மா

ராமேஸ்வரம் அருகே தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து ஆறு பக்கம் எழுதியிருக்கும் அம்மாவுக்கு. மகனுக்குக் கண் சிவக்கிறது, முடி கொட்டுகிறது, ஆள் மெலிந்துவிட்டான், உடம்பைச் சொறிந்துகொண்டே இருக்கிறான், நாலு நாளைக்கு ஒருதரம்தான் வெளிக்குப் போகிறான், பைக் சீட்டுக்கு அடியில் காலி மாத்திரை அட்டையும் ஊசியும் கிடந்தன, பைத்தியம் ஆகிவிடுவானா என்று எல்லாம் எழுதிவிட்டு ஐந்தாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி: "ராத்திரி தூங்காமல் புரண்டான், பாவமாக இருந்தது, மாமியாரின் தூக்க மாத்திரையில் பாதி கொடுத்தேன், மறுநாள் மத்தியானம் வரை அடித்துப் போட்ட மாதிரி தூங்கினான், குறட்டை வாசல் வரை கேட்டது."

மொத்தக் கடிதத்திலும் எனக்குத் திக்கென்றது இந்த வரிதான். எழுந்தானே, அது உங்கள் அதிர்ஷ்டம்.

அட்டையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறீர்கள், நல்ல காரியம் செய்தீர்கள். டபென்டடால். ஆபரேஷன் வலிக்கும் அதுபோன்ற கடும் வலிக்கும் டாக்டர்கள் நாங்கள் எழுதுகிற மாத்திரை. அபின் செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்யும்: வலியை அடக்கும், கூடவே "மூச்சு விடு" என்று மூளை கொடுக்கிற உத்தரவையும் மந்தமாக்கும். தூக்க மாத்திரையும் அதே திசையில் இழுக்கிற சரக்கு. சாராயமும் அப்படியே. இலங்கைக்குக் கடத்தும்போது நம் கரையில் பிடிபட்டதாகப் பேப்பரில் வருகிறதே பிரிகாபலின், சர்க்கரைக்காரர்களின் கால் எரிச்சலுக்குக் கொடுப்பது, அதுவும் சேர்த்திதான். தனித்தனியாக எடுத்தால் தாங்குகிற உடம்பு இரண்டு சேரும்போது மூச்சை மறந்துவிடும். மாமியாரின் மாத்திரை டப்பாவைப் பூட்டி வையுங்கள், இனி யாருக்கு எழுதிய மருந்தையும் இன்னொருவருக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. மீன் பிடிக்கப் போனவனை இலங்கை நேவி பிடித்து இரண்டு மாதம் அங்கே சிறையில் இருந்தான், "அதோடு விட்டுவிட்டான் என்று நினைத்தோம்" என்கிறீர்கள். விட்டிருப்பான், கிடைத்திருக்காது. ஆனால் அந்த இரண்டு மாதத்தில் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். முன்பு ஐந்து மாத்திரைக்கு அசராதவன் திரும்பி வந்து அதே ஐந்தைப் போட்டால் அது புது ஆளுக்குக் கொடுத்த மாதிரி. சிறை, ஆஸ்பத்திரி, மறுவாழ்வு மையம், எங்கிருந்து திரும்பினாலும் முதல் சில வாரங்கள்தான் உயிருக்கு ஆபத்தான நாட்கள்.

சரி, எதைப் பார்க்க வேண்டும்? நல்ல தூக்கத்தில் விடுகிற குறட்டைக்கு ஒரு தாளம் இருக்கும், தோளைத் தட்டினால் முனகித் திரும்பிப் படுப்பான். மாத்திரை மயக்கத்தில் விடுகிற குறட்டை அப்படி இருக்காது. தொண்டையில் தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி ஒரு இழுப்பு, பிறகு நீண்ட மௌனம், நீங்கள் உங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் அளவுக்கு, அப்புறம் இன்னொரு இழுப்பு. கடிகாரத்தை வைத்து எண்ணுங்கள். நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு வர வேண்டும், 10-க்குக் கீழே இறங்கினால் யோசிக்க நேரமில்லை. உதடும் நகமும் நாவல்பழ நிறம். இமையைத் தூக்கிப் பார்த்தால் கண்மணி கடுகு மாதிரி சுருங்கியிருக்கும், சில மாத்திரையில் அவ்வளவு சுருங்காது, அதனால் கண்ணைவிட மூச்சை நம்புங்கள். நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேயுங்கள். எழவில்லையா, 108.

வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சே நின்றுவிட்டால் மல்லாக்கப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயில் வாய் வைத்து 5 விநாடிக்கு ஒருதரம் ஊதுங்கள். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். ஒருமுறை மீன் வண்டியில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே கிடத்தி ஒரு பையனைக் கொண்டு வந்தார்கள். சட்டையெல்லாம் எலுமிச்சை வாசனை. போதை தெளியட்டும் என்று கரையிலுள்ள மீன் வாடியில் வைத்தே கூட்டாளிகள் பிழிந்து ஊற்றியிருக்கிறார்கள், பாதி நுரையீரலுக்குப் போயிருந்தது. பிழைத்தான், ஆனால் பதினோரு நாள் ஆனது. இந்த மாத்திரை மயக்கத்துக்கு முறிவு மருந்து இருக்கிறது, நலோக்சோன் என்று பெயர், ஊசி போட்ட சில நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து நம்மையே திட்டுவான். உடனே வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். ஊசியின் வேலை ஒரு மணி நேரம் போல, மாத்திரையின் வேலை அதைவிட நீளம், வீட்டில் மறுபடி மூச்சு அடங்கும்.

மற்ற கேள்விகள் சீக்கிரம் முடியும். முடி கொட்டுவதை மறந்துவிடுங்கள். சொறிவதும் மலச்சிக்கலும் அந்த மாத்திரையின் குணம். கண் சிவப்பு கடல் காற்றாக இருக்கலாம், கஞ்சாவாக இருக்கலாம், அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. யூடியூபில் பார்த்து ஆன்லைனில் சிறுநீர் சோதனை அட்டை வாங்கப் போகிறீர்களாமே, காசை மிச்சம் பண்ணுங்கள், சாதாரண அட்டைகள் அபினிலிருந்து வருகிற மார்பினைத்தான் தேடும், டபென்டடால் பெரும்பாலும் அதில் சிக்காது. "நெகட்டிவ்" என்று பார்த்து நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். சாப்பாட்டில் ரகசியமாகக் கலக்கும் பொடியும் வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது.

பைத்தியம் ஆவானா? மூன்று நாள் தூங்காமல் யாரோ பின்தொடர்கிறார்கள் என்று ஜன்னலை ஜன்னலாகச் சாத்துவது ஐஸ் எனப்படும் மெத்தாம்பெட்டமைன் போடுகிறவர்கள். அது உடம்பை முடுக்கிவிடுகிற வகை, கண்மணி விரியும். கஞ்சாவும் சிலருக்கு மனதைக் குழப்பிவிடும். உங்கள் மகன் எடுப்பது அமுக்குகிற வகை, அதில் புத்தி பேதலிப்பதைவிட மூச்சு நிற்பதுதான் கவலை. ஊசி இருந்தது என்பதால் இன்னொன்று: மாத்திரையைக் கரைத்து ஏற்றினால் அதிலுள்ள மாவுத்தூள் ரத்தக்குழாயை அடைக்கும், ஊசியைப் பங்கிட்டால் எச்ஐவியும், கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி-யும் வரலாம். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்து உட்கார வேண்டாம், இதய வால்வில் கிருமி ஏறியிருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள்.

அறையில் போட்டுப் பூட்டச் சொன்ன உங்கள் கொழுந்தனாரிடம் 2001 ஆகஸ்ட் 6-ஐ ஞாபகப்படுத்துங்கள். ஏர்வாடியில் மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் தீயில் ஓட முடியாமல் செத்தார்கள், 28 பேர். நம் மாவட்டத்துக்காரர் மறக்கக் கூடாது. டபென்டடாலைச் சட்டென்று நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, கைகால் குடைச்சல் என்று சில நாள் படுத்தும். அன்று ராத்திரி அவன் புரண்டது அநேகமாக அதன் ஆரம்பம்தான். கூடவே தூக்க மாத்திரையோ சாராயமோ தினமும் எடுத்தவனாக இருந்தால் திடீர் நிறுத்தத்தில் வலிப்பு வரலாம். அதனால் மருத்துவர் பார்வையில்தான் குறைக்க வேண்டும். இந்தப் பழக்கத்தை விடுவதற்கு, நாக்குக்கு அடியில் வைக்கிற புப்ரெனார்பின் மாத்திரை இருக்கிறது, பல மாதம் எடுக்க வேண்டியிருக்கும், "இதுவும் போதைதானே" என்று பக்கத்து வீட்டார் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். போவதற்கு முன் பேச வேண்டும் என்றால் 14446, கட்டணமில்லாத போதை மீட்பு உதவி எண். போலீஸ் பயம் வேண்டாம், சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் வைத்திருந்து, தானாகச் சிகிச்சைக்கு வருகிறவருக்குப் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. விற்றவனுக்கு அது கிடையாது.

அடுத்த முறை மீன் பிடிக்கக் கடலுக்கு அனுப்பாதீர்கள். நடுக்கடலில் மூச்சு அடங்கினால் 108 வராது. காலி அட்டைகளை அடுப்பில் போட்டுவிடாமல் ஒரு கவரில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போங்கள், மாமியாரின் தூக்க மாத்திரை அட்டையையும் சேர்த்து.