ராத்திரி எட்டு மணிக்குப் போனா எரிநட்சத்திரம் எங்க தெரியும்?

பரமக்குடியிலருந்து ஒருத்தர் கேட்டிருக்காரு: "டிசம்பர் ஜெமினிட் எரிநட்சத்திர மழையில மணிக்கு 120 விழும்னு நியூஸ்ல போட்டாங்க, போன வருஷம் பாம்பன் பக்கம் எட்டு மணிக்குப் போய் ஒன்றரை மணி நேரம் நின்னோம், மூணுதான் பார்த்தோம். இந்த வருஷம் பிள்ளைங்களோட தனுஷ்கோடி போகலாமா, எந்த நேரம் போறது?"

மூணு பார்த்ததே பெரிய விஷயம் சார். அந்த 120ங்கிறது எரிநட்சத்திரம் எல்லாம் கிளம்பி வர்ற மாதிரி தெரியுற புள்ளி நேரா தலைக்கு மேல இருந்து, வானமும் கும்மிருட்டா இருந்தா வர்ற கணக்கு. ஜெமினிட்டுக்கு அந்தப் புள்ளி மிதுன ராசியில, புனர்பூச நட்சத்திரத்துக்குப் பக்கத்துலயே இருக்கு. நம்ம ராமநாதபுரம் கரையில டிசம்பர் 13 வாக்குல அது வடகிழக்குல எழும்பவே கிட்டத்தட்ட 8 மணி ஆயிடும், நீங்க போய் நின்னப்பதான் அதுவே தலையைக் காட்டியிருக்கும். 10 மணிக்கு ஓரளவு மேல ஏறிடும், ரெண்டு மணி சுமாருக்குத்தான் உச்சி. 10 மணிக்குப் பார்க்குறத விட அப்ப ரெண்டு மடங்கு எதிர்பார்க்கலாம். அதனால பிள்ளைங்கள சாயங்காலமே தூங்க வச்சு நடுராத்திரிக்கு எழுப்புங்க.

இன்னொரு குழப்பம், அதிகமா விழுறது 13 ராத்திரின்னு சொன்னா 13 பொழுது சாஞ்சு 14 விடியுற வரைக்கும். இதுல ஒரு நாள் தப்பிப்போறவங்க நிறைய பேரு.

நிலாவுக்கு ஆப் எல்லாம் வேணாம், வீட்டு நாள்காட்டியில திதி பாருங்க. வளர்பிறை அஷ்டமி நிலா நடுராத்திரி வாக்குல மறையும், அதுக்கு முந்தின திதின்னா இன்னும் சீக்கிரம். பௌர்ணமி ஒட்டி வந்துச்சுன்னா அந்த வருஷம் பாதி போச்சு. 2026ல டிசம்பர் 9 அமாவாசை, 13ஆம் தேதி நிலா 10 மணிக்குள்ள இறங்கிடும், அருமையான வருஷம்.

ஆனா நமக்கு நிஜ எதிரி நிலா இல்ல, மேகம். கார்த்திகைக் கடைசின்னா வாடைக்காத்தும் மழையும் இருக்கும், அதனால ஒரு நாளை மட்டும் நம்பாதீங்க, 12, 13, 14 மூணு ராத்திரியும் கையில வச்சுக்கோங்க. 15க்கு மேல சட்டுன்னு குறைஞ்சிடும்.

இடம்னா தனுஷ்கோடியில இருட்டுனப்புறம் இருக்க விடமாட்டாங்க, விடுங்க. உச்சிப்புளி பக்கம் அரியமான் கரை வடக்க பார்த்தது, பாய விரிச்சு மல்லாக்கப் படுத்தா முக்கால்வாசி வானம் கண்ணுல விழும். செல்போனை இருபது நிமிஷமாவது தொடக்கூடாது, ஒரு தடவ வாட்ஸப் பார்த்தீங்கன்னா கண்ணு பழகினது எல்லாம் வீண், எங்க கூட வந்த ஒரு பையன் டார்ச்சடிச்சு கெடுத்தது இன்னும் ஞாபகம் இருக்கு.

எனக்குக் கேட்டா டிசம்பர் சொதப்புனா மே 5, 6 வாக்குல வாங்கன்னுதான் சொல்லுவேன். அப்ப வர்றது ஈட்டா அக்வாரிட்ங்கிற எரிநட்சத்திர மழை, ஹேலி வால்நட்சத்திரம் விட்டுட்டுப் போன தூசி, கும்ப ராசி பக்கம். நம்ம ஊருக்கு இது அம்சமா அமையும், வடக்க இருக்குறவங்களுக்கு இந்த அளவு கிடைக்காது. தேவிபட்டினம் பக்கம் கிழக்குக் கடல பார்த்து விடியக்காலை 3 மணியிலருந்து நாலே முக்கால் வரைக்கும் உக்காருங்க. மழையும் பெரும்பாலும் இருக்காது, ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம்ங்கிறதால விசைப்படகு எல்லாம் கரையில கிடக்கும், கடல் பக்கம் லைட்டும் கம்மி.