பிளாஸ்டிக் மாடல் கிட்டில் பிக்கப் டிரக்கைத் தாழ்வாகக் கட்டுவது எப்படி?

பசையை எடுக்கும் முன் உயரத்தை முடிவுசெய்யுங்கள். 1/25 அளவில் 4 மி.மீ. இறக்கினால், நிஜ வண்டியில் 10 செ.மீ. இறக்கியதற்குச் சமம். அதுவே போதும் என்பேன்.

முன்பக்கம் எளிது: சக்கரம் மாட்டும் முளையை வெட்டி, சற்று மேலே ஒட்டினால் ஆயிற்று.

பின்பக்கம்தான் படுத்தும். லீஃப் ஸ்பிரிங்குக்கு (வளைந்த பட்டைகளை அடுக்கிய வில்) அடியில் இருக்கும் ஆக்சிலை (இரு சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) அந்த ஸ்பிரிங்கின் மேலே மாற்றுங்கள். வண்டி தானாக இறங்கும். ஆனால் ஆக்சில் இப்போது சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், இடிக்கும். அந்த இடத்தில் அரைவட்டமாக அரத்தால் குடைந்து, பலவீனமான பகுதிக்கு உட்புறம் ஸ்டைரீன் பிளாஸ்டிக் துண்டு ஒட்டுங்கள். சரக்குத் தொட்டியின் தரையையும் கொஞ்சம் உயர்த்த வேண்டிவரலாம்.

டயர் மட்கார்டில் உரசினால் உட்புறத்தைத் தேய்த்து மெலிதாக்குங்கள். பெயின்ட் அடிக்கும் முன்பே இதையெல்லாம் முடித்துவிடுங்கள்.