லண்டன் - பாரிஸ்: திரும்பி வர வெறும் 20 நிமிடமா?

கேள்வி: லண்டனில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். பாரிஸ் லா ஷப்பேலில் இருக்கும் என் தங்கையைப் பார்த்துவர விமானம் தேடினோம். போகும்போது காலை 9.30க்குக் கிளம்பி 11.50க்கு இறங்குகிறது. வரும்போது பகல் 12 மணிக்குக் கிளம்பி 12.20க்கே லண்டன் என்று போட்டிருக்கிறது. ஒரே தூரம்தானே, இது எப்படி?

பதில்: இரண்டு பக்கமும் 1 மணி 20 நிமிடம்தான். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் அச்சிடுவார்கள். பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட 1 மணி நேரம் முன்னே ஓடுகிறது. அதனால் போகும்போது ஒரு மணி கூடிவிடுகிறது, வரும்போது குறைந்துவிடுகிறது. கோடையில் கடிகாரத்தை மாற்றுவார்களே என்றால், இரண்டு நாடுகளும் ஒரே நாளில்தான் மாற்றுகின்றன. ஆகவே இந்த வித்தியாசம் வருடம் முழுக்க அப்படியேதான் இருக்கும்.

லண்டன் ஹீத்ரோவிலிருந்து பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 350 கி.மீ. முக்கால் மணி நேரம் பறந்தால் போதும். விமானம் மேலே ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்க ஆரம்பித்துவிடும்; டீ குடித்து முடிப்பதற்குள் கோப்பையை வாங்க வந்துவிடுவார்கள். மீதி நேரம் ஓடுபாதை வரை ஊர்ந்து போவதற்கும், வரிசையில் நிற்பதற்கும், இறங்கியபின் வாசல் வரை போய்ச் சேர்வதற்கும். பயண நேரம் என்று விமான நிறுவனம் சொல்வது இவை எல்லாம் சேர்ந்ததுதான்.

ஆனால் உங்களுக்கு வேண்டியது வீட்டிலிருந்து வீடு கணக்கு. ஹீத்ரோ போக 1 மணி, அங்கே 2 மணி நேரம் முன்னதாக, விமானம் 1.20, இறங்கி பாஸ்போர்ட் வரிசை, அப்புறம் ஆர்.இ.ஆர். 'பி' ரயிலில் நகருக்குள் அரை மணி. ஐந்தரை மணி நேரம் போய்விடும்.

நானாக இருந்தால் யூரோஸ்டார் ரயிலைத்தான் பிடிப்பேன். லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலிருந்து பாரிஸின் கார் து நோர் நிலையம் வரை 2 மணி 20 நிமிடம். பிரான்சுக்குள் மணிக்கு 300 கி.மீ. வரை ஓடும், கடலுக்கடியில் போகும் 50 கி.மீ. சுரங்கத்தில் மட்டும் 160. ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போனாலும், வீட்டிலிருந்து நிலையம் போகும் நேரத்தைச் சேர்க்காமல், மொத்தம் நாலு, நாலேகால் மணிக்குள் முடிந்துவிடும். பிரெஞ்சு அதிகாரிகள் லண்டனிலேயே பாஸ்போர்ட்டைப் பார்த்துவிடுவதால் பாரிஸில் இறங்கி நேராக வெளியே நடக்கலாம். லா ஷப்பேல் அங்கிருந்து பத்து நிமிட நடை. விமானத்தில் மலிவு டிக்கெட் கிடைத்தால் எந்த விமான நிலையம் என்று பாருங்கள்: போவே (Beauvais) என்றிருந்தால் அது பாரிஸிலிருந்து 80 கி.மீ. தள்ளி.

தங்கைக்கு எதையாவது கட்டிக்கொண்டு போவீர்கள், தெரியும். கறி, தயிர், நெய் வேண்டாம். பிரிட்டனிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றால் பிரிட்டன் விசா பிரான்சுக்குச் செல்லாது. பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா தனியாக வேண்டும். சுற்றுலா விசாவில் வந்தவர்கள் லண்டனில் இருந்தபடி அதற்கு விண்ணப்பிப்பது கஷ்டம், பொதுவாக ஊரிலேயே வாங்கி வர வேண்டும். டிக்கெட் எடுப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.