நூரளையில் இரண்டு நாள்

கேள்வி: எனக்கு வயது 27. யாழ்ப்பாணத்தில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் தனியாக நுவரெலியாவுக்கு வந்து இரண்டு இரவு தங்கப்போகிறேன். ‘குட்டி இங்கிலாந்து’ என்கிறார்களே, அந்த வெள்ளைக்காரர் காலத்து ஊரை இரண்டு நாளில் பார்த்து முடிக்கலாமா? எங்கெங்கே போக வேண்டும்? தோட்டக்காட்டுப் பக்கம் ஒரு பெண் தனியாகப் போனால் பயமில்லையா என்று வீட்டில் கேட்கிறார்கள்.
— ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: தங்கச்சி, கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். பயம் வேண்டாம், தாராளமாக வாருங்கள். ஆனால் ‘தோட்டக்காடு’ என்ற சொல்லை பஸ் ஏறும் முன்பே விட்டுவிட்டு வாருங்கள். எங்களுக்கு அது ஒரு இடத்தின் பெயராகக் கேட்பதில்லை. எங்கள் பிள்ளைகள் கொழும்புக்கும் உங்கள் பக்கத்துக்கும் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போனபோது அவர்களைக் கூப்பிட்ட பெயர் அது. உங்கள் வீட்டில் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க மாட்டார்கள், பழக்கத்தில் வந்திருக்கும். எங்களுக்கோ இன்றும் சுடுகிறது. தோட்டம் என்று சொல்லுங்கள், மலையகம் என்று சொல்லுங்கள்.

‘குட்டி இங்கிலாந்து’ என்ற பெயரிலும் எனக்கு வருத்தம் உண்டு. எங்கள் பெரியவர்கள் வாயில் இந்த ஊர் நூரளை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். குளிருக்காகத்தான் வெள்ளைக்காரர்கள் இங்கே வந்தார்கள். கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் தனக்கு ஒரு மாளிகை கட்டினார், இன்று அது கிராண்ட் ஹோட்டல். 1848இல் சாமுவேல் பேக்கர் வந்து குடியேறி, இங்கிலாந்திலிருந்து மாடுகளையும் பண்ணை ஆட்களையும் கொண்டுவந்தார். ஹில் கிளப் 1876. ஏரிக்கு வில்லியம் கிரகரி என்ற கவர்னரின் பெயர், பூங்காவுக்கு விக்டோரியா மகாராணியின் பெயர். பெயர்ப் பட்டியல் அவ்வளவுதான். இந்த மலைகளில் காடு வெட்டிக் கோப்பி போட்டவர்கள், 1869இல் நோய் விழுந்து கோப்பி அழிந்த பிறகு அதே மண்ணில் தேயிலை நட்டவர்கள், பாறையை உடைத்து ரோடு போட்டவர்கள் யாருடைய பெயரும் அதில் இல்லை. அவர்கள் இராமேஸ்வரம் பக்கத்திலிருந்து கடல் தாண்டி, மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்கள். வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. 2023இல், அவர்கள் வந்த இருநூறு ஆண்டு நினைவாக, எங்கள் ஆட்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் மறுபடி நடந்தார்கள்.

சரி, எங்கே போவது என்ற கேள்விக்கு வருகிறேன்.

ரயிலில் வந்தால் நானுஓயாவில் இறங்க வேண்டும், டவுன் அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் சொச்சம். மழைக் காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடுவது இங்கே வழக்கம், அதனால் ரயில் ஓடுகிறதா என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். ஓடவில்லை என்றால் கண்டியிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக பஸ் இருக்கிறது. நானுஓயா பிளாட்பாரத்தில் எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்களும் எடுங்கள். எடுத்துவிட்டு ஐந்து நிமிஷம் அங்கே உட்காருங்கள். ரயில் பாதை இங்கே வந்தது 1885இல். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எங்கள் சனத்தைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோனதும் இதே மலைப்பாதைதான். அந்த ரயிலுக்கு ‘அழுகைக் கோச்சி’ என்று பெயர். 1948இல் எங்கள் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். அந்தக் கணக்கில் ஒரே லயத்தில், அதாவது ஒரே தோட்டத்து வரிசை வீட்டில், அண்ணன் இந்தத் தலைப்பிலும் தம்பி அந்தத் தலைப்பிலும் விழுந்தான்.

டவுனில் நீங்கள் கட்டாயம் போக வேண்டிய இடம் தபால் கந்தோர். 1894இல் கட்டிய சிவப்புச் செங்கல் கட்டடம், மேலே மணிக்கூண்டு. அதன் அழகைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். நான் வேறொன்று சொல்கிறேன். என் அப்பாயியின் தம்பி அந்தக் கோச்சியில் போனவர், நீலகிரிப் பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு ஞாயிறு விட்டு மறு ஞாயிறு அப்பாயி என்னை உட்காரவைத்து நீலநிற ஏரோகிராமில் கடிதம் எழுதச் சொல்வாள். திங்கட்கிழமை அப்பா டவுனுக்கு வரும்போது என்னையும் கூட்டிக்கொண்டு வருவார். ஒருமுறை ஒட்டுவதற்கு முன்னால் அப்பாயி முந்தானையிலிருந்து ஒரு கொழுந்தை, இரண்டு இலையும் ஒரு மொட்டும், எடுத்து மடிப்புக்குள் வைத்துவிட்டாள். உள்ளே எதுவும் வைக்கக் கூடாது என்று அந்தத் தாளிலேயே அச்சடித்திருக்கும். கவுண்டரில் இருந்த பெரியவர் கட்டை விரலால் தடவிப் பார்த்தார், மேடு தட்டியது. அப்பாவின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் முத்திரை குத்தி அந்தப் பக்கம் போட்டார். அவர் சிங்களவர். கொழுந்து போய்ச் சேர்ந்தது என்று பதில் வந்த நாளில் அப்பாயி சமைக்கவில்லை, வாசலில் உட்கார்ந்தே இருந்தாள். அந்தக் கவுண்டர் பக்கம் போனால் இன்றும் என் கால் நிற்கும். மணிக்கூண்டைப் பார்க்கப் போகிறவர் கவுண்டரையும் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று கேட்பது அதனால்தான்.

பூங்கா, ஏரிக்கரை, குதிரைப் பந்தயத் திடல் எல்லாம் நடந்தே பார்க்கலாம், அரை நாள் போதும். ஹில் கிளப்பில் இராச்சாப்பாட்டுக்கு இன்றும் உடுப்புக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள், அதற்காக நீங்கள் ஒன்றும் தைக்க வேண்டாம். சந்தைப் பக்கம் ஒருமுறை போங்கள். லீக்ஸ், கரட், பீட்ரூட், கோவா எல்லாம் வெள்ளைக்காரன் விதைத்துப் பழக்கியவைதான், இன்று விளைவிக்கிற கைகளில் எங்கள் கைகளும் உண்டு.

இரண்டாம் நாள் காலையில் ஹக்கலைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால் சீதாஎலிய அம்மன் கோயில், அப்புறம் 1861இல் தொடங்கிய ஹக்கலைத் தாவரவியல் பூங்கா. மலேரியாவுக்கு மருந்தாகும் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்கத்தான் அதைத் தொடங்கினார்கள்.

மத்தியானத்தைத் தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் உங்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். வெளிநாட்டுக்காரருக்குக் கொழுந்து பறிக்கிற பெண் ஒரு படம். அவருக்குப் பாஷை தெரியாது, அவரைக் குறை சொல்ல முடியாது. உங்களுக்குத் தமிழ் தெரியும். போனைக் கையில் எடுப்பதற்கு முன்னால் “என்னக்கா, இன்னைக்கு எத்தனை கிலோ?” என்று கேளுங்கள். பதில் சொல்வார்கள், உங்கள் ஊரையும் கேட்பார்கள். அவர்கள் கையைப் பாருங்கள். விரல் நுனியில் கறை கறுத்துப் போயிருக்கும், ஆள்காட்டி விரல் ஓரத்தில் ஊசியால் கீறியதுபோல வெடிப்புகள் ஓடும், உப்புத் தண்ணீர் பட்டால் எரியும். முழுநாள் பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழ வேண்டுமென்றால் பல தோட்டங்களில் பதினெட்டு கிலோ நிறுக்க வேண்டும், அதிலும் சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழிவு போகும். குறைந்தால் அரைப்பேர். இதை அவர்கள் வாயாலேயே கேளுங்கள். நிறுக்கிற இடத்தில் மட்டும் குறுக்கே நிற்க வேண்டாம், அது அவசரமான நேரம்.

லயத்துக்கு யாராவது கூப்பிட்டால் போங்கள். இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், உட்காரவைப்பார்கள், உள்ளே பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரே காம்பரா (அறை) இருக்கும். வெள்ளைக்காரர் காலத்து ஊரைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் கட்டியதில் இன்னும் ஆட்கள் நெருக்கியடித்துக் குடியிருப்பது இதில்தான். பிளேன்டீ தருவார்கள், நல்ல தேயிலை ஏற்றுமதிக்குப் போய்விடும், கையில் கிடைக்கிற தூளில் போட்டதுதான் அது. வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். காசு நீட்டாதீர்கள். பிள்ளைகள் இருந்தால் பிஸ்கட் பக்கெட் கொண்டுபோகலாம்.

தனியாக வருவதால் இன்னும் சில விஷயம். ஏப்ரல் சீசனில் அறை வாடகை எகிறும், கூட்டம் நெரியும், அந்த மாதத்தைத் தவிருங்கள். பின்னேரம் நான்கு மணிக்கு மேல் மூட்டம் இறங்கினால் பத்தடி தூரத்தில் ஆள் தெரியாது, அதற்குள் மலையை விட்டு ரோட்டுக்கு வந்துவிடுங்கள். ஜனவரி, பெப்ரவரி என்றால் சில நாள் காலையில் புல்லில் உறைபனி கிடக்கும், தடித்த சுவெட்டர் வேண்டும். மழை பெய்த மறுநாள் தேயிலைக்குள் அட்டை ஏறும், கணுக்கால் வரை சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டு இறங்குங்கள்.