முன்னறிவிப்பில் 40 கிலோமீட்டர்தான், பிறகு வாழை ஏன் சாய்ந்தது?

கேள்வி: தார் தள்ளி ஒரு மாதம் ஆன வாழை. மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று என்றுதான் முன்னறிவிப்பு. மழையோடு அடித்த காற்றில் கால்வாசி மரம் சாய்ந்துவிட்டது. பருவநிலை மாற்றத்தால் காற்றே வலுத்துவிட்டதா? அடுத்த முறை என்ன செய்யலாம்?

பதில்: அந்த 40 பெரும்பாலும் சராசரி வேகம். திறந்தவெளியில், 10 மீட்டர் உயரத்தில், சில நிமிடக் காற்றைச் சராசரியாக்கிச் சொல்கிறார்கள். மரத்தைத் தள்ளுவதோ மூன்று நொடி வந்துபோகும் திடீர் வீச்சு. அது சராசரியைப் போல ஒன்றரை மடங்கு இருப்பது சாதாரணம். இடிமேகத்திலிருந்து குளிர்காற்று இறங்கினால் இன்னும் கூடும். காற்றின் விசை வேகத்தின் இருமடியாக ஏறும். 40 என்பது 60 ஆனால் மரத்தின் மேல் விழும் விசை இரண்டேகால் மடங்கு. அடுத்த முறை சராசரியை விட்டுவிட்டு, உச்ச வீச்சு எவ்வளவு என்று பாருங்கள்.

காற்று வலுத்துவிட்டது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. நிலத்தின் மேல் சராசரிக் காற்று 1980களிலிருந்து பல பகுதிகளில் குறைந்து, 2010 வாக்கில்தான் மறுபடி ஏறியது. மாறியிருப்பது மழை. வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு அதிக ஈரத்தைத் தாங்கும். பெய்தால் கொட்டித் தீர்க்கும். புயல்களின் எண்ணிக்கை கூடாவிட்டாலும் அவற்றில் கடும்புயல்களின் பங்கு கூடும் என்கிறது ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை. சேறான மண்ணில் வீச்சு வந்து மோதுவதுதான் வாழைக்கு ஆபத்து.

முதலில் சாய்ந்த மரத்தைப் பாருங்கள். வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால் தண்ணீர் தேக்கம், வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு அல்லது கிழங்குக் கூன்வண்டு காரணமாக இருக்கலாம்; கிழங்கை வெட்டிப் பார்த்தால் குடைந்த வழி தெரியும். தண்டு நடுவில் முறிந்திருந்தால் தண்டுக் கூன்வண்டின் துளை இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டும் இல்லாவிட்டால்தான் பழியைக் காற்றின் மேல் போட வேண்டும்.

தடுப்புக்கு, காற்று வரும் பக்கம் சவுக்கு அல்லது அகத்தியை இரண்டு வரிசை, முக்கோண நடவாக வையுங்கள். சுவர் போல அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் காற்று மேலேறி, பின்னால் சுழன்று விழும். பாதிக் காற்று ஊடே போக வேண்டும். தடுப்பின் உயரத்தைப் போல சுமார் 10 மடங்கு தூரம் வரை நல்ல பாதுகாப்பு கிடைக்கும். 6 மீட்டர் மரம் என்றால் 60 மீட்டர். வரிசையில் ஒரு இடைவெளி விட்டாலும் காற்று அங்கே குவிந்து வேகமெடுக்கும்.

மண் அணைப்பைத் தார் வருமுன் முடித்துவிடுங்கள். தார் தள்ளியதும், மரம் சாயும் பக்கம் இரண்டு கழிகளைக் கத்தரிபோல் கொடுத்து, தாருக்குக் கீழே தண்டைத் தாங்கும்படி முட்டு வையுங்கள். கயிறு தண்டை அறுக்காமலிருக்க இடையில் சருகைச் சுற்றுங்கள்.

எச்சரிக்கை வந்ததும் பாசனத்தை நிறுத்தி, வடிகால் வாயைத் திறந்துவிடுங்கள். காய்ந்த இலைகளையும் தொங்கும் இலைகளையும் கழித்துவிடலாம், ஆனால் தார் திரள 8 பச்சை இலையாவது வேண்டும். இலை கிழிவதைப் பற்றிக் கவலை வேண்டாம். கிழிந்த இலை காற்றுக்கு வழிவிடும், ஓரளவு கிழிசலால் மகசூல் பெரிதாகக் குறையாது.

சாய்ந்த மரங்களில் முற்றிய தாரை உடனே இறக்குங்கள். முறிந்த தண்டு வயலில் கிடந்தால் கூன்வண்டு அதில் பெருகும். துண்டாக்கி அப்புறப்படுத்திவிட்டு, வாளிப்பான ஒரு பக்கக் கன்றை மட்டும் விட்டுவையுங்கள்.